கூழாங்கல் பாதையிலே ஆறு மோட்டார் ஸைக்கிள்கள்

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லியைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் திருமழிசை என்னும் ஸ்தலம் வருகிறது. பக்திஸாரர் என்று பெயர் பெற்ற திருமழிசையாழ்வார் அவதரித்த ஊர். ஜகந்நாதப் பெருமாளும் ஒத்தாண்டேசுவரரும் இவ்வூரில் கோயில் கொண்டிருக்கிறார்கள். ஆழ்வார் காலத்தில் விடியற்காலையில் இங்கே என்ன சப்தம் கேட்டதோ, நாம் அறியோம். இந்நாளில் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்பது மோட்டார் ஸைக்கிள்களின் சப்தந்தான்! பெங்களூர் ராஜபாட்டையை விட்டுத் திருவள்ளூர், ஊத்துக்கோட்டை மார்க்கம் பிரிவது இங்கேதான். ஆகையால் பட்டணத்துச் சவாரிக்காரர்கள் கூட்டங் கூட்டமாக இங்கே வந்து சேர்ந்து, டீ குடித்துவிட்டுப் புறப்படுகிறார்கள்.

நாங்களும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். ஆறு பேர், ஆறு வண்டிகள். வக்கீல் ஒருவர், பாங்கி உத்தியோகஸ்தர் ஒருவர், படம் பிடிப்பதில் பைத்தியம் கொண்டவர் ஒருவர், தமிழாசிரியை ஒருவர், கல்லூரி மாணவர் ஒருவர், இவர்களோடு இக்கட்டுரை எழுதுபவர். ஆசிரியையின் வாகனம் புல்லட் என்பதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. இங்கிலாந்திலே பிறந்த அந்த வண்டிக்கு 1955-ம் வருஷத்திலிருந்து நமது திருவொற்றியூர் புகுந்த வீடாயிற்று. பிறந்த வீட்டில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்; நம்மவர்களோ விடாமல் செய்து, 1977-ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். இதைவிடப் பெரிய சீர் எந்தப் பெண் தாய்வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறாள்?

திருவள்ளூரைக் கடந்து பூண்டி ஏரியை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. சென்னை நகரத்தின் தாகம் தீர்ப்பதற்காகக் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டிய நீர்த்தேக்கம் இது. மேயராக இருந்து இதற்காகப் பாடுபட்டவர் தீரர் சத்தியமூர்த்தி. 1944-ல் வேலை முடிந்தபோது அதைக் காண அவர் உயிரோடு இல்லை. முந்திய வருஷமே காலமாகிவிட்டார். "சத்தியமூர்த்தி சாகரம்" என்னும் பெயர் மட்டும் அலைகளுக்கு மேல் நிலைத்து நிற்கிறது.

எங்களுடைய நோக்கம் அதற்கப்பால் உள்ள குடியம் குகைகளைப் பார்ப்பது. இந்தப் பிரதேசத்தின் பெருமை கோயிலிலும் இல்லை, கோட்டையிலும் இல்லை. காலடியில் கிடக்கும் கல்லில் இருக்கிறது. பக்கத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி ஆதிமனிதனுடைய கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். அவை சுமார் பதினைந்து லட்சம் வருஷத்துக்கு முற்பட்டவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இங்கே சுற்றிலுமுள்ள அல்லிக்குழி மலைகளில் உருண்டையான, வயிரம் பாய்ந்த கூழாங்கற்கள் ஏராளம். அவற்றை உடைத்துச் செதுக்கித்தான் ஆதிமனிதன் ஆயுதம் செய்து கொண்டான்.

அவனுக்கு உபகாரம் செய்த அதே கற்கள் எங்களுக்கு அபகாரம் செய்யக் காத்திருந்தன! தார் ரோடு முடிந்து சரளைப் பாதை ஆரம்பித்தது. சக்கரத்துக்கும் கெட்டித் தரைக்கும் நடுவே உருண்டைக் கற்கள் அகப்பட்டுக் கொண்டால், அவை பேரிங் குண்டுகளைப் போல் உருள்கின்றன. அப்போது முன் பிரேக்கை அழுத்துவது ஆபத்து. முன் சக்கரம் சுழலாமல் நின்று வழுக்கிவிடும். வேகத்தை முன்னதாகவே குறைத்து, பின் பிரேக்கை மெதுவாக மிதித்து, கைப்பிடியை இறுக்காமல் வண்டியை அதன் போக்கில் விட வேண்டும்.

மாணவருக்கு இதெல்லாம் தெரியாமலில்லை. ஆனால் முன்னே சென்ற வண்டிகள் கிளப்பிய செம்புழுதியில், குறுக்கே வந்த ஆட்டு மந்தை கடைசி நிமிஷத்தில்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கை தானாகவே முன் பிரேக்கைப் பிடித்தது. அடுத்த கணம் வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்! தலைக்கவசமும் தடித்த சட்டையும் உயிரைக் காப்பாற்றின. ஆனால் இடது மணிக்கட்டு பூசணிப் பிஞ்சு போல் வீங்கிவிட்டது. கிளட்ச் லீவரும் ஒடிந்து போயிற்று.

ஆடு மேய்த்துக் கொண்டிருந்த கிழவி ஓடி வந்தாள். "ஆட்டைக் காப்பாத்தப் போயி நீ விழுந்துட்டியே, கண்ணு!" என்று சொல்லித் தன் தூக்குச் சட்டியிலிருந்த நீராகாரத்தை அவர் வாயில் வார்த்தாள். பிறகு தலைத்துணியைக் கிழித்துக் கையைத் தொட்டில் போல் கட்டினாள்.

அப்போதுதான் உண்மையான சங்கடம் எழுந்தது. "இருவர் இவரை அழைத்துக் கொண்டு திரும்பட்டும். மற்றவர்கள் குகையைப் பார்த்துவிட்டு வருவோமே! இவ்வளவு தூரம் வந்தது வீணா?" என்றார் படம் பிடிக்கும் நண்பர். வக்கீலும் அதை ஆமோதித்தார். "ஆமாம் அண்ணா, நீங்கள் போய் வாருங்கள்" என்று மாணவர் சொன்னார். சொல்லும்போதே அவருக்கு உதடு நடுங்கியது.

ஆசிரியை அமைதியாகக் கேட்டார்: "நாம் காலையில் எந்த ஊரிலிருந்து புறப்பட்டோம்?"

திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன். காஞ்சியில் அரசன் அவரை ஊரை விட்டுப் போகச் சொன்னான். சீடர் போனால் தமக்கும் அங்கே இருப்பில்லை என்று ஆழ்வாரும் கிளம்பினார். அவர் சொற்படி திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக் கொண்டு பின்னாலேயே நடந்தார் என்பது ஐதிகம். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிருக்கை என்று பெயர் பெற்றது. அரசன் மன்னிப்புக் கேட்ட பிறகு மூவரும் சேர்ந்தே திரும்பினார்கள்.

"பெருமாளே ஒருவருக்காகப் பயணத்தை மாற்றிக் கொண்டார். நமக்கு ஒரு குகை பெரிதா?" என்றார் ஆசிரியை.

அதற்குப் பிறகு விவாதம் இல்லை. கிழவி கைகாட்டி நிறுத்திய சிறு லாரியில் மாணவரையும் அவருடைய வண்டியையும் ஏற்றினோம். ஐந்து மோட்டார் ஸைக்கிள்கள் அதற்குப் பின்னால், கல்யாண ஊர்வலம் போல் மெள்ள மெள்ளச் சென்றன. திருவள்ளூரில் வைத்தியர் எலும்பில் கீறல் என்று கண்டு மாவுக்கட்டுப் போட்டார். கிழவிக்குப் பணம் கொடுக்க முயன்றதில் பலனில்லை. "அடுத்த தடவை மெதுவா வாங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டாள்.

சரளைப் பாதையில் போக விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: புழுதி அடங்கும் அளவுக்கு வண்டிக்கு வண்டி இடைவெளி விடுங்கள். கூட்டத்தின் வேகம் எல்லாரிலும் மெதுவாகப் போகிறவரின் வேகமாக இருக்கட்டும். குகையைப் பற்றிக் கவலை வேண்டாம். பதினைந்து லட்சம் வருஷம் காத்திருந்த கற்கள், ஒரு மாவுக்கட்டுப் பிரிக்கும் வரையில் காத்திருக்க மாட்டாவா?