ஓசூர் சாலையில் ஒரு மெல்லிய குரல்: இந்தப் பக்கம் ஜெமினி, அந்தப் பக்கம் ராஜ்குமார்!

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் காரில் ரேடியோவைப் போட்டுப் பாருங்கள். 102.5-ல் தர்மபுரி வானொலி. மாம்பழ மண்டிகளும் கிரானைட் லாரிகளும் பின்னால் போக, பழைய தமிழ்ப்பாட்டு ஒன்று வரும். மேலுமலை ஏற்றம் முடிந்து சூளகிரி தாண்டியதும் காற்றில் லேசாகக் குளிர் சேரும். ஓசூரை நெருங்கும்போது 102.9-க்குத் திருப்பினால் பெங்களூரு விவித் பாரதி. இப்போது பாட்டு கன்னடத்தில் இருக்கும்.

சில சமயம் மொழி மாறியிருக்கும், குரல் மட்டும் மாறியிருக்காது. சத்தமே போடாமல், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நமக்கு மட்டும் சொல்வதுபோல் பாடும் அந்தக் குரல், பி.பி. ஸ்ரீநிவாஸ்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். அங்கிருந்து பெங்களூரு இன்னொரு 40. இந்தச் சாலையில் தினமும் போய் வருகிறவர்களுக்கு டிராபிக் தெரியும், டோல் தெரியும், சானமாவு காட்டிலிருந்து யானை இறங்கினால் வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரியும். எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே பாடகரைத் 'தங்கள் ஆள்' என்று சொந்தம் கொண்டாடுவது மட்டும் பலருக்குத் தெரியாது.

புது ஊர், மூன்று மொழி

ஓசூர் என்ற பெயரே கன்னடம்தான். 'ஹொச ஊரு' என்றால் புது ஊர். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இங்கிருந்து கூப்பிடு தூரம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் பேசப்படும். காய்கறிக்காரரிடம் ஒரு மொழி, பஸ் கண்டக்டரிடம் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று வாழ்கிற குடும்பங்கள் இங்கே சர்வசாதாரணம்.

சிப்காட் வந்தது, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். இன்று பிகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறார்கள். 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019-ல் ஓசூர் மாநகராட்சியானது. ஊர் பெரிதாகிவிட்டாலும் இது இன்னமும் வெளியூரிலிருந்து வந்தவர்களின் ஊர்தான்.

பி.பி. ஸ்ரீநிவாஸும் அப்படி வந்தவர்தான். 1930-ல் ஆந்திராவின் காக்கிநாடாவில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு, பிழைக்க வந்தது சென்னை. 1952-ல் ஜெமினியின் இந்திப் படமான 'மிஸ்டர் சம்பத்'தில் பாடினார். அடுத்த ஆண்டு 'ஜாதகம்' படம் அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. எட்டு மொழிகளில் கவிதை எழுதுவார். சென்னை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தில், சட்டைப்பை நிறையக் கலர் கலர் பேனாக்களோடு அவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது அந்தக் காலத்து மெட்ராஸ்காரர்களுக்குப் பழகிய காட்சி.

மைக் கற்றுக்கொடுத்த ரகசியம்

மைக் வருவதற்கு முன்பு பாடகர் என்றால் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாட வேண்டும். நாடக மேடையிலிருந்து வந்த கிட்டப்பா, தியாகராஜ பாகவதர் குரல்களில் அந்த உயரம் இருந்தது. அமெரிக்காவில் 1930-களில் பிங் கிராஸ்பி வேறு வழியைக் காட்டினார். மைக்குக்குப் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் பாடினால் போதும், அது நேராக ஒருவர் காதுக்குப் போகும். ஃபிராங்க் சினாட்ராவும் நாட் கிங் கோலும் அதே வழியில் வந்தார்கள். இவர்களை 'குரூனர்' என்பார்கள். அங்கே மேடை நாடகங்களுக்கும் படங்களுக்கும் எழுதப்பட்ட பாடல்களை ஒவ்வொரு பாடகரும் தன் பாணியில் திரும்பத் திரும்பப் பதிவு செய்ததால், அந்தப் பாடல்கள் தலைமுறைகள் தாண்டி நிலைத்தன.

தமிழில் அந்தப் பாணிக்கு ஒரு முகம் வேண்டுமென்றால் பி.பி.எஸ்.தான். 1961-ல் 'பாவ மன்னிப்பு' படத்தில் ஜெமினி கணேசனுக்காக, காதலியைப் பருவங்களோடு ஒப்பிட்டுப் பாடுகிறாரே, அதை ஹெட்போனில் கேளுங்கள். பெரிய சங்கதி கிடையாது, உச்சஸ்தாயிக்கு ஓட்டம் கிடையாது. ஒவ்வொரு சொல்லும் மூச்சோடு சேர்ந்து மெதுவாக இறங்கும். 'ராமு' படத்தில் நிலாவிடம் பேசும் பாட்டில் சோகம் இருக்கிறது, ஆனால் அழுகை இல்லை. கண்ணீரைக் கேட்பவரிடமே விட்டுவிடுகிறார்.

கரோக்கி ஆப்பில் பாடிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். "கீழ் ஸ்தாயிதானே, ஈஸி" என்று ஆரம்பிப்பார்கள். இரண்டாவது வரியிலேயே மூச்சு காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே காதலன், அங்கே ஹீரோ

ஓசூர் எல்லையில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். தமிழில் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம். சௌந்தரராஜன் குரல்தான் பிரதானம். 'திருடாதே', 'பாசம்' போன்ற படங்களில் எம்.ஜி.ஆருக்கு பி.பி.எஸ். பாடியிருந்தாலும், தமிழ் ரசிகர்கள் மனதில் அவர் ஜெமினியின் குரல். மென்மையான காதலன்.

அத்திப்பள்ளியைத் தாண்டினால் கதையே மாறிவிடும். அங்கே அவர் ராஜ்குமாரின் குரல். அதாவது, கன்னட சினிமாவின் முதல் நாயகனின் குரல். 1960-ல் 'பக்த கனகதாச' படத்தில் கனகதாசரின் கீர்த்தனையைப் பாடினார். பிறகு பதினைந்து ஆண்டுகள் வீரம், பக்தி, காதல், தத்துவம் எல்லாம் அந்தக் குரலில்தான். சென்னையில் ஜெமினிக்கு உருகிய அதே தொண்டை, 'பங்காரத மனுஷ்ய' படத்தில் முடியாது என்று கை கட்டி உட்காராதே என்று விவசாயிகளுக்குத் தெம்பு சொன்னது. அப்போதும் அவர் கத்தவில்லை.

1974-ல் 'சம்பத்திகே சவால்' படத்தில் ராஜ்குமாரே ஒரு பாட்டைப் பாடினார். அது பெரிய ஹிட். அதன்பின் தன் பாடல்களைத் தானே பாடத் தொடங்கினார். அந்தச் சமயம் தமிழில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் காலம் தொடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கதவு சாத்தப்பட்டது போன்ற நிலைமை. ஆனாலும் 1986-ல் திரைப்படக் கல்லூரி இளைஞர்கள் எடுத்த 'ஊமை விழிகள்' படத்தில், தோல்வியைக் கண்டு துவளாதே என்று சொல்லும் பாட்டில் அந்தக் குரல் திரும்ப ஒலித்தது. பாடும்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

பஸ் நின்ற நாட்கள்

இந்த எல்லையில் எப்போதும் பாட்டு மட்டுமே கேட்டதில்லை. 2000 ஜூலை 30 அன்று தாளவாடி அருகே, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் தன் சொந்த ஊரான காஜனூரிலிருந்து ராஜ்குமார் வீரப்பனால் கடத்தப்பட்டார். 108 நாட்கள் இரு மாநிலமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்னை வெடித்தபோது பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்தன. பஸ்கள் ஜூஜூவாடியோடு நின்றன. குழந்தையை இடுப்பிலும் பையைத் தலையிலும் வைத்துக்கொண்டு ஜனங்கள் அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே நடந்தே எல்லையைக் கடந்தார்கள்.

ஓசூரில் வீடு, பெங்களூருவில் வேலை என்று இருப்பவர்களுக்கு இது தொலைக்காட்சிச் செய்தி அல்ல. அன்றைய சம்பளம், மறுநாள் பரீட்சை, பக்கத்து வீட்டுக்காரரை எந்த மொழியில் நலம் விசாரிப்பது என்ற தயக்கம், எல்லாம்தான்.

ஒரு பாட்டு அந்தக் கோபத்தை அணைத்துவிடும் என்று சொன்னால் அது பொய். தண்ணீர்ப் பிரச்னைக்குத் தண்ணீரில்தான் தீர்வு. ஆனால் மறுபடி பஸ் ஓடத் தொடங்கும்போது, பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச ஒரு பொதுவான விஷயம் வேண்டுமே! தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து, தமிழ்நாட்டில் வாழ்ந்து, கன்னட நாயகனுக்குக் குரலான ஒருவரை எந்தப் பக்கமும் 'வெளியாள்' என்று சொல்ல முடியாது.

நைட் ஷிஃப்டுக்கு ஒரு பாட்டு

கவிஞர் வாலி பல மேடைகளில் சொன்ன சம்பவம் இது. சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல், மதுரைக்கே ஒரு வேலைக்குப் போய்விடலாம் என்று கிளம்பும் மனநிலையில் இருந்தார். அப்போது பி.பி.எஸ்., தான் புதிதாகப் பாடிவிட்டு வந்த கண்ணதாசன் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினார். 'சுமைதாங்கி' படத்தின் 'மயக்கமா கலக்கமா'தான் அது. வாலி ஊருக்குப் போகவில்லை.

சிப்காட் பக்கம் ஐந்து பேர் தங்கும் அறைகளில் இருக்கும் பையன்களுக்கும், ஹாஸ்டலிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பெண்களுக்கும் இந்தக் கதை அந்நியமல்ல. 'போய்விடலாமா, இருக்கலாமா' என்ற கேள்வி முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் உண்டு. அதற்கு அறிவுரை வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசும் ஒரு குரல் போதும்.

இந்தச் சாலைக்கு ஒரு பிளேலிஸ்ட்

அடுத்த முறை கிருஷ்ணகிரி - ஓசூர் வழியில் போகிறீர்களா? விடியற்காலையில் கிளம்புங்கள். முதல் பாதிக்குத் தமிழ்: 'பாவ மன்னிப்பு', 'சுமைதாங்கி', 'ராமு'. சூளகிரியில் ஒரு டீ. ஓசூரைச் சுற்றி ரோஜாப் பண்ணைகள் அதிகம். காதலர் தினத்துக்கு வெளிநாடு வரை போகும் பூக்கள் அவை. அந்த இடத்துக்கென்றே எழுதியதுபோல் 'வீரத்திருமகன்' படத்தில் பி. சுசீலாவோடு ஒரு ரோஜாப் பாட்டு இருக்கிறது. சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலில் ஏறி நின்றால் ஊர் முழுக்கத் தெரியும்.

அங்கிருந்து கன்னடம்: 'கஸ்தூரி நிவாச', 'பங்காரத மனுஷ்ய', வாணி ஜெயராமோடு பாடிய 'எரடு கனசு' டூயட். 'கஸ்தூரி நிவாச' கதைதான் தமிழில் சிவாஜி நடித்த 'அவன்தான் மனிதன்' ஆனது. மொழி புரியாவிட்டாலும் கதை தெரிந்த வீட்டுக்குள் நுழைவது போலிருக்கும்.

2013-ம் ஆண்டு தமிழ்ப் பாட்டுக்குப் பொல்லாத ஆண்டு. ஏப்ரல் 14, சித்திரை முதல் நாளில் பி.பி.எஸ். போனார். மூன்றே நாளில் இசையமைப்பாளர் டி.கே. ராமமூர்த்தி, மே 25-ல் டி.எம்.எஸ்., ஜூலை 18-ல் வாலி என அடுத்தடுத்து விடைபெற்றார்கள்.

ஆனால் ஜூஜூவாடியில் நள்ளிரவில் லாரியை ஓரங்கட்டிவிட்டு ஒரு டிரைவர் செல்போனில் பழைய பாட்டைப் போட்டால், எதிர்ப் பக்கத்து டீக்கடையில் நிற்பவரும் தலையாட்டுவார். ஒருவர் மனதில் ஜெமினி ஓடுவார், இன்னொருவர் மனதில் ராஜ்குமார். பாடுவது ஒருவர்தான்.