எஞ்சிய சுற்றுகள்

ஓட்டப் போட்டி என்றவுடன் நம்மவர் பெரும்பாலாரின் நெஞ்சில் முதலில் எழுவது நூறு மீற்றர் ஓட்டமே. வெடி தீர்ந்த ஓசை காதிலிருந்து மறையுமுன் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது தெரிந்துவிடுகிறது. நெடுந்தூர ஓட்டமோ அத்தகையதன்று. முதற் சுற்றில் ஆர்ப்பரிக்கும் கூட்டம் மூன்றாம் சுற்றில் கடலை கொறிக்கத் தொடங்கும். ஐந்தாம் சுற்றில் அயலவரோடு ஊர்க்கதை பேசும். ஓடுபவனோ ஒருவரும் கவனியாத அந்த நடுச்சுற்றுகளிலேதான் தன் வலிமையையெல்லாம் செலவிட்டுக்கொண்டிருக்கிறான்.

மேலைநாடுகளிலே பனிக்காலத்தில் வெளி மைதானம் உதவாதாகையால், கூரையிட்ட உள்ளக அரங்குகளில் மெய்வல்லுநர் போட்டிகளை நடத்தும் வழக்கம் ஏற்பட்டது. அங்கே ஓடுபாதையின் ஒரு சுற்று 200 மீற்றரே. ஆகவே 3,000 மீற்றர் ஓடுபவர் 15 முறை சுற்றிவரல் வேண்டும். வளைவுகள் கூர்மையானவை, அவற்றைச் சரிவாக உயர்த்திக் கட்டியிருப்பர். கேத்திரகணிதம் கற்கும் மாணவர் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். முழுச் சுற்றிலும் ஒரு மீற்றர் வெளியே விலகி ஓடுபவர் சுற்றொன்றுக்கு 6 மீற்றருக்குமேல் அதிகமாக ஓடுகிறார். 15 சுற்றுகளில் அது 90 மீற்றரைத் தாண்டிவிடும்! இத்தகைய அரங்கிலே அமெரிக்க வீரர் கிராண்ட் ஃபிஷர் 2025 பெப்ரவரியில் 3,000 மீற்றரை 7 நிமிடம் 22.91 விநாடியில் ஓடி உலக சாதனை நிலைநாட்டினார்.

தமிழர் ஒருவரும் அத்தகைய அரங்கில் வாகை சூடியிருக்கிறார் என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. புதுக்கோட்டையைச் சேர்ந்த கோவிந்தன் லட்சுமணன், 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். அதே ஆண்டு செப்டெம்பரில் துர்க்மெனிஸ்தானின் அஷ்காபாத் நகரில் நடந்த ஆசிய உள்ளக விளையாட்டு விழாவிலும் 3,000 மீற்றரில் தங்கம் பெற்றார். புதுக்கோட்டை என்ற பெயர் நம் மலைநாட்டவர் காதில் தேனாக ஒலிக்கும். நம் பாட்டன் பூட்டன்மார் பலர் புறப்பட்ட சீமைகளில் அதுவும் ஒன்றன்றோ! மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை கால்நடையாக நடந்தவர்கள் அவர்கள். அந்த நெடுந்தூரத்தில் பலர் வழியிலேயே மாண்டனர். அவர்களை எண்ணிக் கணக்கு வைத்தவர் எவர்?

எண்ணுதல் என்பது நெடுந்தூர ஓட்டத்தில் பெரிய காரியம். ஒவ்வொரு வீரரும் எத்தனை சுற்று முடித்தார் என்று குறித்துக்கொள்வதற்கென்றே அதிகாரிகளை நியமிக்கிறார்கள். ஒரு கணக்காளர் நான்கு வீரருக்குமேல் பொறுப்பேற்றல் ஆகாது என்பது விதி. அந்தக் கணக்கு கண்டிப்பானது. 2018ஆம் ஆண்டு ஜக்கார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழா நடந்தபோது லட்சுமணன் 10,000 மீற்றரில் மூன்றாவதாக வந்தார். ஆயினும் ஓட்டத்தின் நடுவே அவர் பாதம் உட்கோட்டைத் தாண்டிவிட்டது என்பதால் வெண்கலப் பதக்கம் அவருக்கு இல்லாது போயிற்று. கேட்கும்போது மனம் நோகிறது. எனினும் ஓடுபவரின் ஒவ்வோர் அடியையும் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பதும் ஒருவகை மரியாதையே.

கடைசியாக வருபவருக்கும் அம்மரியாதை உண்டு. 1964 ஒக்டோபர் 14ஆம் திகதி டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்த 10,000 மீற்றர் ஓட்டம் இதற்குச் சான்று. அமெரிக்காவின் பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 விநாடியில் வென்றார். மற்றவரும் முடித்தனர், சிலர் இடையில் விலகினர். 67ஆம் இலக்கம் அணிந்த ஒருவர் மட்டும் தனியே ஓடிக்கொண்டிருந்தார். அவர் நம் இலங்கையின் ரணதுங்க கருணானந்த. வென்றவருக்கு ஏறக்குறைய நான்கு சுற்றுகள் பின்தங்கியிருந்தார். முதலில் கூட்டத்தில் ஏளனக் குரல் எழுந்தது. அடுத்த சுற்றில் அது அடங்கியது. கடைசிச் சுற்றில் அரங்கமே எழுந்து கரவொலி செய்தது. அவர் முடித்தபோது 34 நிமிடம் 21.2 விநாடி. அந்தச் சம்பவத்தை யப்பானியர் தம் பிள்ளைகளின் பாடநூலிலே சேர்த்தனர்.

இனி நம் ஊருக்கு வருவோம். யான் பதுளையிலே இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழில் புரிகிறேன். பசறை, லுணுகலை, நமுனுக்குலை ஆகிய பக்கங்களிலிருந்து ஏறியும் இறங்கியும் நடந்துவரும் பிள்ளைகள் ஓட்டப் பயிற்சியென்று தனியே ஒன்றையும் அறியாதவர்கள். ஆனால் அவர்களின் நெஞ்சுரம் மலைப்பாதையிலேயே பயிற்றப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலையொன்றின் மெய்வல்லுநர் போட்டிக்குச் சுற்றுக் கணக்கு எழுதுமாறு என்னை அழைத்திருந்தனர். 5,000 மீற்றர் ஓட்டத்தில் மற்ற எல்லோரும் முடித்துவிட்டனர். தோட்டத்துப் பையன் ஒருவன் மட்டும் வெறுங்காலுடன் ஓடிக்கொண்டிருந்தான். மேடையில் பிரமுகர்கள் பரிசளிக்கக் காத்திருந்தனர். நேரமாகிறதென்று கருதி, "போதும் தம்பி, நிற்பாட்டு" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார் ஒருவர். பையன் என் மேசையைக் கடந்தபோது மூச்சிரைக்க, "சேர், எனக்கு இன்னும் ரெண்டு சுத்து இருக்கு" என்றான். என் தாளும் அதையே கூறியது. அவன் ஓடினான், யான் எழுதினேன், மேடை காத்திருந்தது.

ஓட்டம் முடிந்தபின் அவன் தாயார் என்னிடம் வந்தார். கொழுந்தெடுக்கும் பெண்மணி, அரை நாள் வேலையை விட்டு மகனைக் காண வந்தவர். "எத்தனாவதுங்க ஐயா?" என்று கேட்டார். "கடைசிதான் அம்மா, ஆனால் ஒரு சுற்றும் குறையாமல் முழுவதும் ஓடிவிட்டான்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்போ முழுப் பேருதானுங்களே!" என்றார்.

தோட்டவாழ்வை அறியாத வாசகருக்கு இச்சொல்லை விளக்க வேண்டும். தோட்டத்திலே ஒரு நாள் உழைப்புக்கு "பேர்" என்று பெயர். குறித்த அளவு கிலோ கொழுந்து மடுவத்துத் தராசில் ஏறினால் முழுப் பேர். ஏறாவிட்டால் அரைப் பேர், கூலியும் பாதிதான். மழை பெய்ததா, கொழுந்து குறைவா, குழந்தைக்குக் காய்ச்சலா என்று தராசு கேட்பதில்லை. ஆயுள் முழுவதும் அரைப் பேருக்கு அஞ்சி வாழும் தாய்க்கு, தன் மகனின் உழைப்பை ஒருவர் குறையாமல் எழுதிக்கொண்டார் என்பது எத்துணைப் பெரிய செய்தி!

கடைசியாக வருவதே சிறப்பு என்று யான் வாதாடவில்லை. வெற்றிக்கும் நம் பிள்ளைகள் உரியவர்களே. ஹற்றன் பகுதியிலிருந்து எழுந்து தேசிய மட்டத்தில் நெடுந்தூர ஓட்டங்களில் வென்ற குமார் சண்முகேஸ்வரன் போன்றோர் அதற்குச் சாட்சி. ஆனால் வெற்றிக்கு வயிறார உணவு வேண்டும். காலுக்குச் சப்பாத்து வேண்டும். ஓடுதற்குச் சமதரை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிக்கும்வரை ஓடுவதற்கு அவகாசம் வேண்டும். அதைத்தான் நாம் பறித்துவிடுகிறோம். சாதாரண தரப் பரீட்சையோடு, சிலவேளை அதற்கும் முன்னரே, "போதும் தம்பி" என்று சொல்லிக் கொழும்புக் கடைகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறோம். வறுமையின் நெருக்கடியை யான் அறியாதவனல்லன். ஆயினும் அவர்களுக்கு இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது என்பதை எடுத்துரைக்க ஓர் ஆசிரியராவது, ஓர் உறவினராவது வேண்டாமா?

ஒரே வகுப்பில் மீண்டும் இருக்க நேர்ந்த மாணவரும், ஒரே பரீட்சையை இரண்டாம் முறை எழுதுவோரும் என்னிடம் வந்து, "சுற்றிச் சுற்றி அதே இடத்தில்தானே நிற்கிறோம்" என்று வருந்துவதுண்டு. அவர்களுக்குத் தெமோதரைப் புகையிரத நிலையத்தை நினைவூட்டுவேன். அங்கே தண்டவாளம் மலையை வளைத்துச் சென்று, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் வருகிறது. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே இடம். உண்மையில் வெவ்வேறு மட்டம். பதுளையிலிருந்து மேலே செல்லும் வண்டி அந்த வளைவைச் சுற்றாமல் ஒருபோதும் உயர முடியாது. சுற்று வீணன்று, அதுவே ஏற்றம்.

பெற்றோரே, அடுத்த முறை உங்கள் ஊர்ப் பாடசாலையில் விளையாட்டுப் போட்டி நடக்கும்போது, முதலாவது வந்தவருக்குக் கைதட்டியவுடன் எழுந்து சென்றுவிடாதீர்கள். கடைசிப் பிள்ளை கோட்டைத் தொடும்வரை இருங்கள். அந்தப் பிள்ளை யாருடையதாயினும் ஆகுக. அதன் சுற்றுகளை எண்ணுங்கள். மாணவரே, எவரும் பாராத நடுச்சுற்றில் நீங்கள் ஓடும்போது உங்கள் கணக்கை நீங்களே மறவாதிருங்கள். முழுப் பேர் என்பது பிறர் போட்டுத் தரும்வரை காத்திருக்க வேண்டியதொன்றன்று. முடித்துக் காட்டிக் கேட்டு வாங்க வேண்டியது.