பார்க்கும் பொழுதும் பேசும் பொழுதும்

2015-ஆம் ஆண்டு ஜூலை 14, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரப்படி மாலை 5 மணி 19 நிமிடம். மல்லாங்கிணற்றுக் கரிசலில் வெயில் தாழ்ந்து, ஆடுகள் கிடைக்குத் திரும்பும் வேளை. அவ்வேளையில், இங்கிருந்து ஏறத்தாழ 477 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், 'நியூ ஹொரைசன்ஸ்' என்னும் அமெரிக்க விண்கலம் புளூட்டோவை 12,500 கிலோமீட்டர் நெருக்கத்தில் கடந்து சென்றது. ஒன்பதரை ஆண்டுகள் பயணம் செய்து அடைந்த இடத்தை மணிக்கு ஏறத்தாழ 50,000 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தது. அங்கே நிற்க அதனால் இயலாது. இன்னொரு முறை வரவும் இயலாது.

வாழ்நாளில் ஒரே ஒருமுறை கிடைத்த அந்தச் சந்திப்பின்போது அக்கலம் பூமியோடு ஒரு சொல்கூடப் பேசவில்லை. இச்செய்திதான் எங்கள் மனத்தைப் பற்றிக்கொண்டது. முன்னே சென்ற வாயேஜர் கலங்களில் கேமராக்களைத் தனியே திருப்பும் மேடை இருந்தது. எடையும் செலவும் பழுதும் குறைய வேண்டும் என்பதற்காக நியூ ஹொரைசன்ஸில் கேமராக்களை உடலோடு சேர்த்தே பொருத்திவிட்டார்கள். பூமியோடு பேசும் ஆன்டெனாவும் அசையாதது. எனவே புளூட்டோவைப் பார்க்க வேண்டுமானால் கலம் முழுவதும் அதன் பக்கம் திரும்ப வேண்டும். பேச வேண்டுமானால் முழுவதும் பூமியின் பக்கம் திரும்ப வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்ய வழியில்லை. ஆகவே ஏறத்தாழ 21 மணி நேரம் அது மௌனமாயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. அது பிழைத்திருக்கிறதா, தூசியில் மோதிச் சிதறிவிட்டதா என்று எவருக்கும் தெரியாது. நமக்கு மறுநாள் விடிந்த பிறகு, 6 மணி 22 நிமிடத்திற்கு, நலம் என்னும் சமிக்ஞை மட்டும் வந்தது.

உலகெங்கும் செய்தித்தாள்களில் வெளிவந்த, நெஞ்சில் இதயவடிவம் தாங்கிய புளூட்டோவின் படம் முந்திய நாளே எடுத்து அனுப்பப்பட்டது. கலம் அழிந்துபோனாலும் அதுவாவது மிஞ்சட்டும் என்ற முன்னெச்சரிக்கை! மற்றவை வந்து சேர்ந்த விதம் பொறுமைக்கே பாடம். ஒலிபரப்பியின் ஆற்றல் 12 வாட். வீட்டில் எரியும் ஒரு சிறு பல்பின் அளவு. ஒரே ஒரு படம் வந்து சேர அரை மணிக்கு மேல் பிடித்தது. ஒரு நாளில் பார்த்ததைச் சொல்லி முடிக்க 15 மாதங்கள் ஆயின. கடைசித் துணுக்கு பூமியை அடைந்தது 2016 அக்டோபர் 25 அன்று.

புளூட்டோவை முதலில் கண்டவரும் பேச்சைவிடப் பார்வையை நம்பியவர்தாம். கிளைடு டாம்பா அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து உழவர் மகன். ஆலங்கட்டி மழை பயிரை அழிக்க, கல்லூரிக் கனவும் அதோடு போயிற்று. (மானம் பார்த்த பூமியில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) தாமே செய்த தொலைநோக்கியால் செவ்வாயையும் வியாழனையும் பார்த்து வரைந்து லோவல் வானாய்வகத்துக்கு அனுப்பினார், அதைக் கண்டே அவருக்கு வேலை கொடுத்தார்கள். 1930 ஜனவரி 23, 29 ஆகிய நாள்களில் எடுத்த இரு படத்தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, ஆயிரமாயிரம் புள்ளிகளுக்கு நடுவே ஒரே ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது. அதைக் கண்டுகொண்ட நாள் பிப்ரவரி 18. அவருக்கு வயது 24. 1997-இல் அவர் இறந்தார். அவரது சாம்பலில் ஒரு சிட்டிகை அந்தக் கலத்திலேயே பயணம் செய்கிறது. கலம் 2006 ஜனவரியில் ஏவப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அறிஞர்கள் வாக்கெடுத்துப் புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து இறக்கிக் 'குறுங்கோள்' ஆக்கினார்கள். பட்டம் போயிற்று என்பதற்காகக் கலம் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

இவ்வகைப் பார்வைக்கு நம் தமிழ்நாடும் அந்நியமல்ல. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. சவ்வாது மலைக் காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அந்த விண்மீனைக் கவனித்திருந்தனர். கோள் வந்து மறைக்கும் முன்பே விண்மீனின் ஒளி சற்று நேரம் மங்கி மீண்டது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அந்த இரவில்தான். அதே இரவில் வானூர்தியிலிருந்து அதைக் கண்டவர் ஜேம்ஸ் எலியட். பின்னர் 1988-இல் புளூட்டோவுக்கு மெல்லிய காற்றுமண்டலம் உண்டென்பதை இதே முறையில் உறுதிசெய்தவரும் அவரே. இன்று புளூட்டோவின் பெருங்குழி ஒன்றுக்கு அவர் பெயர் இட்டிருக்கிறார்கள். நம் டென்சிங்கின் பெயரும் அங்குண்டு, ஒரு பனிமலைத்தொடருக்கு.

இனி, மனத்தை உறுத்தும் ஒரு கேள்வி. எரிகோவுக்குப் போகும் சாலையில் குருவும் லேவியரும் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தனர். பார்த்துவிட்டுக் கடந்து சென்றனர். விண்கலமும் பார்த்துவிட்டுக் கடந்ததுதானே? நிற்பதற்கு அதன் எடையைப் போல் பன்மடங்கு எரிபொருள் வேண்டும். அதைச் சுமந்து புறப்பட்டிருக்கவே முடியாது. ஆனால் அந்த இருவருக்கும் நிற்க முடிந்திருந்தது. இன்னொன்றையும் நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. லூக்கா நற்செய்தியின் அந்தச் சமாரியரும் மறுநாள் இரண்டு தெனாரியத்தைச் சாவடிக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தம் வழியே போனவர்தாம். அவர் அங்கேயே தங்கிவிடவில்லை. நெருங்கி வந்து, காயம் எங்கே என்று பார்த்தார்.

வின்சென்ட் தே பவுல் சபையினராகிய எங்களுக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. மல்லாங்கிணற்றைச் சுற்றிய சிற்றூர்களில் பிள்ளைகள் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட, வீட்டுக்குக் காவலாக முதியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் ஒருமுறை, அரை மணி நேரம். அதற்குமேல் எங்களால் ஆவதில்லை. பேருந்துக்கு நேரமாகிவிடும். இந்த அரை மணியால் என்ன பயன் என்று எங்களுக்குள்ளேயே கேட்பவர்கள் உண்டு. 1833-இல் பாரிஸில் இருபது வயது மாணவராயிருந்த அருளாளர் பிரெடரிக் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய நாள்தொட்டு, ஏழைகளை வீடு தேடிச் சென்று காண்பதே சபையின் முதற்பணி. இருவராகவே போகவேண்டும் என்பது வழக்கம். விண்கலம் தனியாகப் போனது. ஆகவே பார்ப்பதா, பேசுவதா என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. இருவர் போனால் ஒருவர் பேசலாம், மற்றவர் பார்க்கலாம்.

எங்கள் பட்டியலில் ஒரு பாட்டி இருக்கிறார். மகன் திருப்பூரிலிருந்து ஞாயிறுதோறும் செல்பேசியில் முகம் காட்டிப் பேசுகிறார். குறை சொல்ல இடமில்லாத பிள்ளை. "எனக்கென்ன தம்பி, நல்லாத்தான இருக்கேன்" என்பதே அவருக்கும் எங்களுக்கும் பாட்டி தரும் பதில். சென்ற ஆண்டு ஒருநாள், எங்களில் ஒருவர் மழை, ரேஷன், பேரப்பிள்ளை என்று பேசிக்கொண்டிருக்க, மற்றவர் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார். செபம் சொல்லிப் புறப்பட்டோம். சாலையோரச் சீமைக்கருவேல நிழலில் பேருந்துக்குக் காத்து நிற்கையில்தான் அவர் ஒவ்வொன்றாய்ச் சொன்னார். மாடத்தில் இருந்த இருவகை மாத்திரைகளில் ஒன்று தீர்ந்திருந்தது, மற்றொன்று பிரிக்கப்படாமலே கிடந்தது. காபித் தம்ளரைப் பாட்டி எங்கள் கையில் தரவில்லை, தரையைத் தடவி வைத்தார். அடுப்படிச் சுவரில், வாசற்படியை அடுத்து, கை பிடித்துப் பிடித்து எண்ணெய்க் கறை ஏறியிருந்தது.

பேருந்தில் ஏறியபின்னும் சொல்லிக்கொண்டே வந்தார். அரை மணியில் பார்த்தது அருப்புக்கோட்டை வந்தும் முடியவில்லை.

புளூட்டோவைக் கடந்தபின் கலம் ஒரு காரியம் செய்தது: திரும்பிப் பார்த்தது. சூரியன் அந்தக் குறுங்கோளின் பின்னே மறைந்திருந்தது. அந்த ஒளியில், புளூட்டோவைச் சுற்றி மெல்லிய நீலப் புகைப்படலம் ஒரு வளையமாய் ஒளிர்ந்தது. கடந்து அப்பால் சென்ற பிறகே காணக்கூடிய காட்சி அது.

மகனுக்கு அன்றிரவே செய்தி சொன்னோம். மறுவாரம் வந்து, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இரண்டு கண்ணிலும் புரை. முதலில் ஒன்றுக்கு அறுவை செய்தார்கள். அடுத்த மாதம் நாங்கள் போனபோது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி எங்கள் இருவரையும் மாறி மாறி வெகுநேரம் பார்த்தார் பாட்டி. பிறகு, எப்போதும் பேசுகிற எங்கள் நண்பரைக் கேட்டார்: "என்ன தம்பி, இம்புட்டு நரைச்சுப் போச்சு?"