எட்டு மணி நேரம்

பொழிச்சலூரில் விமானம் தாழ்வாகப் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் போனதும் தொடர்வோம். அந்த இடைவெளியில் எதையாவது சொல்லாமல் விட்டுவிடுவது ரொம்ப சுலபம். எனக்கு அது நன்றாகவே பழகியிருந்தது.

அப்பா பம்மலில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் நைட் ஷிஃப்ட் பார்த்தார். ஓவர்டைமை காலண்டரில் குறித்துவைத்து, சம்பளம் வந்ததும் ஒப்பிடுவார். குறைந்தால், "போய்க் கேக்கணும்" என்பார். பெரும்பாலும் கேட்டதில்லை.

ஓஎம்ஆரில் எனக்குக் கிடைத்த முதல் வேலையும் சம்பளக் கணக்கு மென்பொருள்தான். அங்கே 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' முறை. இரண்டு பேர் ஒரே கணினியில் உட்கார்ந்து எழுத வேண்டும். நிரலுக்கு முன்னால் அதைச் சோதிக்கும் டெஸ்ட்டை எழுத வேண்டும். எழுதியதை உடனுக்குடன் மற்றவர்கள் எழுதியதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த முறை உருவானதே ஒரு சம்பளக் கணக்கில்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1996இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் நிறுவனத்தில், திணறிக்கொண்டிருந்த சம்பள மென்பொருளைச் சீர்செய்ய வந்தவர் கென்ட் பெக். 1999இல் வந்த அவருடைய புத்தகம் நான்கு விழுமியங்களைச் சொன்னது: உரையாடல், எளிமை, பின்னூட்டம், துணிச்சல்.

முதல் மூன்றும் எனக்கு மெல்லப் பழகின. நான்காவது வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை. மறுநாள் ரிலீஸ். எல்லா டெஸ்ட்டும் பச்சை. ஆனால், 31ஆம் தேதி இரவு பத்து மணிக்கு உள்ளே போய் 1ஆம் தேதி காலை ஆறு மணிக்கு வெளியே வருகிறவரின் எட்டு மணி நேரம் எந்த மாதக் கணக்கிலும் சேராது. அது எனக்கு இரண்டு வாரமாகவே தெரியும். அக்கா லீவில் இருந்த நாளில் நான் தனியாக எழுதிய பகுதி அது. டெஸ்ட் எழுதவில்லை.

பக்கத்து நாற்காலியிலிருந்து அக்கா கேட்டார்: "வேற ஏதாவது இருக்காடா?"

அங்கே விமானச் சத்தம் இல்லை.

"ஒண்ணு இருக்குக்கா. ரெண்டு வாரமா தெரியும்."

அவர் திட்டவில்லை. கீபோர்டை என் பக்கம் தள்ளினார். "மொதல்ல டெஸ்ட் எழுது." எழுதினேன். சிவப்பு. ரிலீஸ் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. மேனேஜரிடம் அக்கா, "நாங்க ஒரு தப்பு பண்ணிட்டோம்" என்றார். தப்பு என்னுடையது மட்டும்தான்.

2004இல் வந்த இரண்டாம் பதிப்பில் பெக் ஐந்தாவதாக மரியாதையைச் சேர்த்தார். அந்த 'நாங்க' இல்லாமல் எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. எந்த முறையும் சர்வரோக நிவாரணி இல்லை. கிரைஸ்லர் திட்டமே 2000இல் நிறுத்தப்பட்டது. ஆனால் தப்பைச் சொல்ல ஒரு பக்கத்து நாற்காலி வேண்டும் என்பதை நான் அங்கேதான் கற்றேன். அப்பாவுக்கு ஆலையில் அப்படியொரு நாற்காலி இருந்ததில்லை.

அன்று இரவு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அப்போ அந்த ஆளுக்கு எட்டு மணி நேரம் வந்துடுமா?"

"வந்துடும்பா."