ஒரு குவளைத் தண்ணீர்

புதிய மொழியொன்றைக் கற்கத் தொடங்குவோர் முதலில் வணக்கம் சொல்லப் பழகுவர். பின்னர் பெயர் கேட்கவும் விலை கேட்கவும் பழகுவர். லாட்விய மொழி எங்களுக்கு அவ்வாறு வாய்க்கவில்லை. நள்ளிரவில் ஒரு குழந்தையின் அழுகையோடுதான் அது எங்களிடம் வந்து சேர்ந்தது.

2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், மருமகளின் இரண்டாம் பேறுகாலத்திற்குத் துணையாக நாங்கள் இருவரும் திருச்சியிலிருந்து ரீகா நகருக்குச் சென்றிருந்தோம். பால்டிக் கடலோர நாடான லாட்வியாவின் தலைநகர் அது. தௌகவா ஆறு நகரின் ஊடே அகன்று ஓடுகிறது. மகன் அங்கே பணிபுரிகிறான். மூன்று வயதுப் பேரன் லாட்விய மழலையர் பள்ளிக்குப் போய்வந்தான்.

எங்களில் ஒருவர் முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராய் இருந்தவர். மற்றவரும் தமிழ்ப் பற்றில் அவருக்குச் சற்றும் குறைந்தவர் அல்லர். பேரனின் நாவில் அயல்மொழி புரள்வதைக் கேட்டு எங்கள் நெஞ்சம் துணுக்குற்றது. சென்ற இரண்டாம் நாளே வீட்டில் ஒரு சட்டம் வகுத்தோம்: தமிழில் கேட்டால்தான் பதில்; வேறு மொழியில் கேட்டால் தாத்தாவுக்கும் அப்பாயிக்கும் காது கேட்காது. குழந்தை அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டான். நாங்களோ நல்லதொரு காரியம் செய்துவிட்டதாகவே எண்ணியிருந்தோம்.

மருமகளுக்கு வலி கண்ட இரவில் மகனும் அவளோடு மருத்துவமனைக்குப் போய்விட்டான். பேரனுக்கு இலேசான காய்ச்சல். ஒரு மணியளவில் விழித்தவன், "க்ரிபு ட்ஸெர்ட்" என்றான்.

"தமிழில் சொல்லு தம்பி" என்றோம்.

மீண்டும் அதையே சொன்னான். தூக்கக் கலக்கத்திலும் காய்ச்சலிலும் எது நாவில் வந்ததோ அதைத்தானே அவனால் சொல்ல முடியும்? அம்மாவைத் தேடுகிறான் என்று தோளில் சாய்த்துத் தட்டினோம். பசியோ என்று வாழைப்பழம் உரித்துக் கொடுத்தோம். குளிரோ என்று போர்த்தினோம். அழுகை வலுத்தது. கடைசியில் அவன் தோளிலிருந்து நழுவி இறங்கினான். இருட்டில் அடுக்களைக்குத் தட்டுத் தடுமாறி நடந்துபோய், எட்டாத குழாயைக் கை நீட்டிக் காட்டினான். கொடுத்த தண்ணீரை, இரு கைகளாலும் குவளையைப் பற்றிக்கொண்டு, மூச்சு விடாமல் குடித்தான். அவன் குடித்த ஓசை இன்றும் எங்கள் செவியில் இருக்கிறது.

விடிந்ததும், பேத்தி பிறந்த நற்செய்தியோடு மகன் வந்தான். அச்சொற்களின் பொருளைக் கேட்டோம். "‘க்ரிபு’ என்றால் வேண்டும், ‘ட்ஸெர்ட்’ என்றால் குடிக்க. தண்ணீர் கேட்டிருக்கிறான் அப்பா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. எங்களுக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

அன்று மாலை, மேல்மாடியில் வசித்த முதிய ஆசிரியை ஒருவர், குழந்தைக்கென ஒரு பாத்திரத்தில் பூத்தேநீர் கொண்டுவந்தார். ‘லியெபா’ என்னும் மரத்தின் உலர்ந்த பூக்களைக் கொதிநீரில் ஊறவைத்து எடுப்பது. சளிக்கும் காய்ச்சலுக்கும் அங்கே வழிவழியாகக் கொடுத்துவருவது. நாங்கள் முந்தைய இரவின் இரு சொற்களைத் தயங்கித் தயங்கிச் சொல்லிக் காட்டினோம். அவர் முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து நாள்தோறும் அரைமணி நேரம் எங்களுக்கு ஆசிரியையானார்.

அந்த மொழி எங்களை வியப்பில் ஆழ்த்தியது. தண்ணீருக்கு ‘ஊதென்ஸ்’ என்று பெயர். அதைக் குடிக்கும்போதோ ‘ஊதெனி’ ஆகிவிடுகிறது. நீர், ‘நீரை’ ஆவதுபோல. நமக்கு வேற்றுமை எட்டு, அவர்களுக்கு ஏழு. ‘எனக்குத் தாகமாயிருக்கிறது’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை, ‘மன் ஸ்லாப்ஸ்ட்’ என்று அவர்களும் அவ்வாறே சொல்கிறார்கள். ‘மன்’ என்பது ‘எனக்கு’. தேநீருக்கு ‘தேயா’ என்று பெயர். சீனத்தின் ஃபூஜியன் கரையில் வழங்கிய ‘தே’ என்னும் சொல் கடல்வழி வணிகத்தோடு பல நாடுகளுக்குப் பரவியது. நம் தேயிலையிலும் அவர்களது தேயாவிலும் இருப்பது அந்த ஒரே சொல்தான். அயல்மொழி என்று நாங்கள் கதவடைத்த வீட்டில் எங்கள் உறவினர் சிலரும் குடியிருந்தனர்!

அம்மொழியின் துயரத்தையும் அறிந்தோம். 1940-இல் சோவியத் ஒன்றியத்தோடு இணைக்கப்பட்ட அந்நாடு 1991-இல்தான் மீண்டும் விடுதலை பெற்றது. 1989-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தம் சொந்த நாட்டிலேயே லாட்வியர் நூற்றுக்கு 52 பேர்தாம் இருந்தனர். அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் ரஷ்ய மொழியே ஓங்கியிருந்தது. தாய்மொழி அழிந்துவிடுமோ என்னும் அச்சம் எங்களைவிட அந்த அம்மையாருக்கு நன்கு தெரியும். ஆயினும் அவர் எங்களிடம் ‘லாட்விய மொழியில் கேட்டால்தான் தருவேன்’ என்று சொல்லவில்லை. முதலில் தேநீரைக் கொடுத்தார். பிறகுதான் சொல்லைக் கொடுத்தார்.

அவரிடம் நாங்கள் பிழையின்றிக் கற்ற முதல் முழு வாக்கியம், ‘லூட்ஸு, க்ளாஸி ஊதென்ஸ்’ என்பது. ‘தயவுசெய்து, ஒரு குவளைத் தண்ணீர்’ என்பது பொருள். ‘லூட்ஸு’ என்றால் வேண்டுகிறேன். இறைவேண்டலைக் குறிக்கும் ‘லூக்ஷனா’ என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்ததே. வியப்பு என்னவெனில், தண்ணீர் கேட்பவரும் ‘லூட்ஸு’ என்கிறார். அதை நீட்டுபவரும் ‘லூட்ஸு’ என்கிறார். நன்றிக்குரிய ‘பல்தியெஸ்’ என்னும் சொல்லுக்குள்ளோ, ‘இறைவன் உதவுக’ என்னும் பழைய வாழ்த்து சுருங்கிக் கிடக்கிறது. கேட்பவரையும் கொடுப்பவரையும் ஒரே சொல்லால் தாழப் பணியவைக்கும் அந்த மொழியின் முன், எங்கள் சட்டம் நாணி நின்றது.

சட்டத்தை எடுத்துவிட்டோம். தமிழை விட்டுவிட்டோமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அவன் ‘க்ரிபு ட்ஸெர்ட்’ என்றதும் எழுந்துபோய்க் குவளையை நிரப்பி, "இந்தா தம்பி, தண்ணீர்" என்று கொடுத்தோம். நீட்டும்போது ‘லூட்ஸு’ என்றோம்; எங்கள் உச்சரிப்பைக் கேட்டு அவன் சிரித்தான். கதைகளைத் தமிழில் சொன்னோம். உறங்கவைக்கத் தமிழில் பாடினோம். மொழியை அவனுக்கு ஊட்டினோம். அதைக் கொண்டு அவனைப் பட்டினி போடவில்லை.

நாங்கள் புறப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன் ஓர் இரவு, அப்பாயிக்கு விடாத இருமல் கண்டது. கதவு மெல்லத் திறந்தது. வழியெல்லாம் பாதி சிந்திய குவளையை இரு கைகளாலும் ஏந்தியபடி பேரன் நின்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. யாரும் அவனுக்குச் சட்டம் சொல்லவில்லை.

"அப்பாயி, தண்ணி" என்றான்.