எங்க ஏரியாவுக்கு எத்தனை போலீஸ் பாஸ்?

ஃப்ரெண்ட்ஸ், சென்ட்ரல்ல இருந்து ஆவடி லோக்கல்ல வர்றவங்களுக்கு அண்ணனூரைத் தெரிஞ்சிருக்கும். திருமுல்லைவாயலுக்கும் ஆவடிக்கும் நடுவுல, மின்சார ரயில் கார்ஷெட் இருக்கே... அதேதான், எங்க ஊர்!

எங்களைச் சுத்தி காக்கிக்குப் பஞ்சமே இல்லை. ஆவடியில தமிழ்நாடு சிறப்புக் காவல் படை பட்டாலியன்கள், சி.ஆர்.பி.எஃப். முகாம்னு வரிசையா இருக்கு. 'உங்களுக்கென்னப்பா, ஃபுல் செக்யூரிட்டி!'னு காலேஜ்ல கலாய்ப்பாங்க. அங்கதான் காமெடியே! பட்டாலியன் போலீஸ் எங்க தெரு ரோந்துக்கு இல்லை. தேர்தல், திருவிழா, கலவரம்னு எங்கே தேவையோ அங்கே அனுப்புற படை அது. பார்ட் டைம் வேலை முடிச்சு ராத்திரி கடைசி ட்ரெயின்ல வந்து இறங்குற பொண்ணுக்குத் தேவை, லோக்கல் ஸ்டேஷன் ஏட்டய்யா.

2022 ஜனவரி 1-ம் தேதி சென்னை காவலை மூணாப் பிரிச்சு, ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் தனி கமிஷனரேட் கொடுத்தாங்க. சந்தோஷம். கமிஷனரைப் பார்க்க வேப்பேரி வரைக்கும் போக வேண்டாம். ஆனா, ஆபீஸ் பக்கத்துல வந்துட்டா தெருவுக்கு ஆள் வந்தாச்சுன்னு அர்த்தமா?

சரி, எந்த ஏரியாவுக்கு எத்தனை பேர்னு பிரிக்கிறது எப்படி? ஸ்டேஷனுக்கு இவ்வளவுன்னு சமமாவா? ஜனத்தொகைப்படியா? பதிவான கேஸ்படியா? கேஸ் கணக்குதான் நியாயம்னு தோணும். ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு. புகார் கொடுத்தா பல நேரம் நம்ம கைக்கு வர்றது சி.எஸ்.ஆர். ரசீதுதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்குல ஏறுறதோ எஃப்.ஐ.ஆர். மட்டும்தான். அதுவும், ஒருநாள் கூலியை விட்டுட்டு ஸ்டேஷன்ல காத்திருக்க முடியாதவங்க, 'போன செல்போன் போகட்டும்'னு புகாரே கொடுக்க மாட்டாங்க. அந்தத் தெரு பேப்பர்ல அமைதிப் பூங்கா! பூங்காவுக்கு எதுக்கு எக்ஸ்ட்ரா போலீஸ்? சத்தமா கேட்கத் தெரிஞ்ச ஏரியாவுக்கே ஆள் போகும்.

அதனால நாமளும் கேட்கக் கத்துக்கணும். 2024 ஜூலை 1-ல அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாபடி, திருட்டு மாதிரியான குற்றத்துக்கு எல்லை பார்க்காம எந்த ஸ்டேஷன்லயும் புகார் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். அடுத்து, 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபா கட்டணத்துல மூணே கேள்வி கேளுங்க: எங்க ஸ்டேஷனுக்கு அனுமதிச்ச பணியிடம் எத்தனை? இருக்கிறவங்க எத்தனை? அதுல வேற இடத்துக்கு டூட்டி போயிருக்கிறவங்க எத்தனை?

'எங்க ஏரியாவுல போலீஸே இல்லடா'னு கேன்டீன்ல புலம்புறதைவிட, அந்த மூணு நம்பர் கையில இருந்தா கவுன்சிலர்லேர்ந்து கமிஷனர் வரை யார்கிட்டயும் தைரியமா பேசலாம். என்ன, எழுதிப் போடுவோமா?