நல்ல தண்ணி

நெட்டுக்குப்பத்தில் பிறந்தவனுக்குத் தண்ணீருக்குக் குறையே இல்லை. கிழக்கே கடல், மேற்கே கழிமுகமாக விரிந்து கிடக்கும் கொசஸ்தலை ஆறு. ஆனால் ஒரு சொட்டை வாயில் வைக்க முடியாது. குடிக்க லாரித் தண்ணிதான். அருவி என்றால் பாடப்புத்தகத்தில் வரும் குற்றாலம். கண்ணால் பார்த்த அருவியும் ஒன்று உண்டு. கரண்டு எடுக்க எரித்த நிலக்கரியின் சாம்பலைக் கரைத்துக் கொண்டுபோகும் குழாயில் எங்காவது ஓட்டை விழுந்தால், சிமெண்டு நிறத்தில் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சும். அதில் குளித்துவிட்டு வந்து ஆயாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன்.

2011 பொங்கல் லீவில் அதே ஆயாதான் செம்மொழிப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். முந்தைய நவம்பரில்தான் முதல்வர் கருணாநிதி அதைத் திறந்திருந்தார். டி.வி.யில் பார்த்த நாளிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தேன். கத்திவாக்கத்தில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து பஸ்ஸில் ஜெமினி. இறால் கூடை இல்லாமல் ஆயா ரயிலேறி அன்றுதான் பார்த்தேன். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

பூங்கா 20 ஏக்கர். அதற்கு முன் அங்கே உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. காரில் உட்கார்ந்தபடியே டிபன் சாப்பிடும் இடம். எங்கள் குப்பத்தில் யாரும் அங்கே போனதாகக் கேள்விப்பட்டதில்லை. நடைபாதையில் நான் ஓட, வெறுங்காலோடு ஆயா பின்னால் வந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். கோயில் மாதிரி சுத்தமாக இருக்கிறதாம். வாத்துக் குளத்தை எட்டிப் பார்த்து, மீன் கிடக்கிறதா என்று வெகுநேரம் தேடினாள்.

அருவி பாறை மேலிருந்து வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆயா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். மழைக்காலத்தில் ஆற்றில் அப்படித்தான் பார்ப்பாள். உப்பு குறைந்தால் இறால் கடலைப் பார்க்க இறங்கிவிடும்.

"நல்ல தண்ணிடா!" என்றாள். முகம் வாடிவிட்டது. "இத்தினி நல்ல தண்ணிய இப்பிடி ஊத்தி உடுறானுங்களே."

களை எடுத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "அதே தண்ணிதாம்மா. மோட்டார் போட்டு மேல ஏத்துறோம், திரும்பத் திரும்ப ஊத்துது."

"அதான பார்த்தேன்" என்று ஆயா நிம்மதியாகப் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

இருட்டுகிற நேரத்தில் காவலாளி விசில் ஊதினார். திரும்பிப் பார்க்கிறேன், அருவி நூல் நூலாக மெலிந்து, சொட்டி, நின்றே போயிற்று. ஈரப் பாறை மட்டும் இருந்தது. தண்ணீர் இறங்கினால் எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்.

"ஓதம் வத்திடுச்சா ஆயா?"

ஆயாவுக்குப் புரையேறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையைத் தடவினாள்.

"இல்லடா கண்ணு. கரண்ட நிறுத்திட்டாங்க."